கிடர்பூர் வீட்டுக் கூரை

கல்கத்தா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ரமேஷ்பாபு சுலபத்தில் கண்கலங்குகிற ஆள் இல்லை. ஆனால் 'ஆபார் பாடி' பார்க்கும்போது மட்டும் அழுதுவிடுவான். வங்காளத்தில் அதற்கு 'மறுபடியும் வீடு' என்று பொருள். பாழடைந்த பழைய வீடு ஒன்றைத் தேடிப் பிடித்து, உதிர்ந்த சுவரையும் ஒழுகும் கூரையையும் செப்பனிட்டு, அந்த வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்கிற தொலைக்காட்சித் தொடர். வாரத்துக்கு ஒரு வீடு. அதை நடத்துகிற ஆர்க்கிடெக்ட் ரோஹித் பேசப் பேச, ரமேஷ்பாபு தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான்.

மனைவி பூங்கோதை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். "பூசின சுவரு ஒரே பாட்டுல காஞ்சிடுது பாருங்க," என்பாள்.

"டிவின்னா அப்படித்தான். நீ கதையைப் பாரு."

பூங்கோதைக்குக் கதை பார்த்துப் பழக்கமில்லை. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தின் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து சரக்கு வண்டிகளை நகர்த்துவது அவள் உத்தியோகம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த லைன் காலி, எதை முதலில் விடலாம் என்று நாலு ஃபோனில் நாலு பேரிடம் பேசி முடிவெடுப்பாள். அவள் அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் இந்த ஊரில்தான்.

குவார்ட்டர்ஸை விட்டு சொந்த வீடு பார்க்கலாம் என்று முடிவானபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் பேஹாலா பக்கம் புது ஃப்ளாட் வாங்கச் சொன்னார்கள். பூங்கோதை கிடர்பூரில், லாரி நுழையாத ஒரு சந்துக்குள் இருந்த பழைய மாடி வீட்டைக் கைகாட்டினாள். சிவப்புத் தரை, பச்சைப் பலகை ஜன்னல்கள், நடுவில் ஒரு முற்றம். மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். விற்றவர்கள் பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்ட ஒரு வங்காளிக் குடும்பம்.

"ஏன் இதைப் பிடிச்சே?" என்று ரமேஷ்பாபுவின் அக்கா கேட்டாள்.

"பிடிச்சிருக்கு அண்ணி. அவ்வளவுதான்," என்றாள் பூங்கோதை.

அந்த வீட்டை அலைபேசியில் படம் பிடித்துத் தொடருக்கு அனுப்பியது மகள் ஹம்சினி. பன்னிரண்டாம் வகுப்பு. தமிழைவிட வங்காளம் அவளுக்கு வேகமாக வரும். 'என் அப்பா உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் அழுகிறார், அவருக்காக ஒருமுறை வாருங்கள்' என்று அவள் வங்காளத்தில் பேசி அனுப்பியது எடுபட்டுவிட்டது. மாசி முடிவதற்குள் கேமராக்காரர்கள் சந்துக்குள் வந்துவிட்டார்கள்.

முதல் நாள், வாசல் கதவை ரமேஷ்பாபு திறந்து ரோஹித்தைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியம் போதவில்லை என்று திரும்பத் திரும்பத் திறக்கச் சொன்னார்கள். தயாரிப்பு நிர்வாகி ஸ்னேகா, ஒல்லியான இளம்பெண், ஒவ்வொரு முறையும் ஓடிவந்து அவன் வியர்வையைத் துடைத்துவிட்டாள். ரமேஷ்பாபுவுக்கு அலுக்கவே இல்லை.

இரண்டாம் வாரம் மேல் மாடியின் மேற்கு அறைக் கூரையை இடிப்பது என்று முடிவானது. அந்தக் காலத்துக் கூரை. இரும்பு உத்தரங்கள், அவற்றின் மேல் வரிசையாக மரக்கட்டைகள், கட்டைகளின் மேல் ஓடு, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இறுக்கிய தளம். மூலையில் தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எல்லா உத்தரமும் போயிடுச்சா?" என்று பூங்கோதை ரோஹித்தைக் கேட்டாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் பாதுகாப்பு, தீதி," என்றான் அவன், கேமராவைப் பார்த்து. தீதி என்றால் அக்கா. சொன்ன குரலில் சந்தேகமே இல்லை. பூங்கோதை நம்பினாள். அவனே சம்மட்டியைத் தூக்கி முதல் அடி போட்டான். மாலைக்குள் மேற்கு அறைக்கு வானம்தான் கூரை.

புது உத்தரங்கள் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் உத்தரமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஸ்னேகா ஃபோனில், "சேனல் கை மாறுகிறது தீதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்," என்றாள். பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகிவிட்டது. மூன்று பேரும் கீழ்த் தளத்தில் முன்னறை இரண்டில் இருந்துகொண்டு, மேலே தார்ப்பாய் கட்டிக் காத்திருந்தார்கள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. வடமேற்கில் கறுத்துக்கொண்டு வந்து, புழுதியை வாரி இறைத்து, அரை மணியில் மரத்தை முறித்துப் போட்டுவிட்டுப் போகிற வங்காளத்துக் கோடைப் புயல். தார்ப்பாயின் ஒரு மூலை கழன்றது. ரமேஷ்பாபுவும் பூங்கோதையும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். பாய் படாரென்று கிழிந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்தது. மழை மேற்கு அறையில் கொட்டி, மாடிப்படி வழியாக இறங்கி, கீழே சமையலறைக் கூரையிலிருந்து பொத்துக்கொண்டு ஊற்றியது. ஹம்சினி பாடப் புத்தகங்களை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

மழை விட்டபோது மாடிப்படிச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடந்தது. ரமேஷ்பாபு நனைந்த படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலையில் தீபக் வந்தான். அந்த வட்டாரத்தில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிற புரோமோட்டர். மரியாதையான ஆள். கையில் ரசகுல்லாப் பானையோடு வந்தான். "உங்கள் கஷ்டம் தெரிந்துதான் வந்தேன். வீட்டை என்னிடம் விடுங்கள். இடித்துக் கட்டி உங்களுக்கு இரண்டு ஃப்ளாட் தருகிறேன். லிஃப்ட் உண்டு," என்றான். யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

"ரெண்டு ஃப்ளாட், கோதை," என்றான் ரமேஷ்பாபு. "ஒண்ணை ஹம்சினிக்கு வெச்சுக்கலாம்."

"உங்களுக்கு ஃப்ளாட் வேணுமா?"

"நான்தான உன்னை இதுல இழுத்துவிட்டேன். டிவி டிவின்னு..."

"அதைக் கேக்கலங்க. ஃப்ளாட் வேணுமா, இந்த வீடு வேணுமா?"

அவன் முற்றத்தைப் பார்த்தான். இடித்த கூரையின் கட்டைகள் அங்கே நனைந்து குவிந்து கிடந்தன. "இந்த வீடுதான். ஆனா கூரை இல்லையே."

"கூரையைப் போடுவோம். மழைக்காலம் வர்றதுக்குள்ள."

"யாரு?"

"நாமதான்."

அவள் அதைத் தைரியத்துக்காகச் சொல்லவில்லை. நடு வழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால், யார் தப்பு என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிட்டி வரும். லைனைத் திறந்துவிடுவதுதான் கன்ட்ரோலில் உட்கார்ந்திருப்பவளின் பொறுப்பு. இருபது வருஷமாக அவள் செய்துவந்தது அதைத்தான். எது எங்கே நிற்கிறது என்று மட்டும் முதலில் தெரிய வேண்டும்.

உத்தரங்கள் எங்கே நிற்கின்றன என்பது சீக்கிரமே தெரிந்தது. தொடருக்குக் கட்டட வேலை செய்துவந்த சுபல் மிஸ்திரி பக்கத்துப் பேட்டையில்தான் இருந்தார். அவருடைய ஆட்களுக்கும் வேலை நின்றுபோயிருந்தது. "உங்கள் வீட்டுக்கு என்று வெட்டி வைத்த இரும்பு எல்லாம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கிடக்கிறது, பௌதி," என்றார். பௌதி என்றால் அண்ணி. "கம்பெனி சொல்லாமல் கிடங்குக்காரன் எடுக்க விடமாட்டான்."

பூங்கோதை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு டாலிகஞ்சில் இருந்த தொடரின் அலுவலகத்துக்குப் போனாள். மேஜைகளெல்லாம் காலி. ஸ்னேகா ஒரு அட்டைப்பெட்டியில் தன் காபிக் கோப்பையையும் ஒரு சின்னச் செடியையும் வைத்துக்கொண்டிருந்தாள். பூங்கோதையைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனது.

"தீதி, திட்டுங்கள். திட்டு வாங்கவேண்டியதுதான். ஆனால் என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கே இன்றைக்குக் கடைசி நாள்."

"திட்ட வரலை. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நீ இங்கே வேலை பார்க்கறே, இல்லையா?"

"ஆமாம்."

"அப்படின்னா கிடங்குக்கு ஒரு ஃபோன் போடு. கிடர்பூர் வீட்டு இரும்பை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லு. அது அந்த வீட்டு அளவுக்கு வெட்டினது. வேற எங்கேயும் பொருந்தாது. புதுசா வாங்கின கம்பெனிக்கு அது பழைய இரும்பு."

ஸ்னேகா பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள். பேசி முடித்ததும் அவளுக்கே முகத்தில் ரத்தம் வந்தது. "நான் இந்த ஆபீசில் உருப்படியாகச் செய்த கடைசி வேலை இதுதான்," என்றாள்.

அடுத்தது வரைபடம். எந்த உத்தரம் எங்கே உட்கார வேண்டும், சுவர் எவ்வளவு தாங்கும் என்ற விவரமெல்லாம் ரோஹித்திடம் இருந்தது. பூங்கோதை கூப்பிட்டாள். "அது சேனலின் சொத்து, தீதி," என்று அவன் இழுத்தான்.

"நீங்க ஆர்க்கிடெக்டா, சேனலா?" என்று கேட்டாள் பூங்கோதை. "ஆர்க்கிடெக்ட்னா ஞாயித்துக்கிழமை வாங்க. சேனல்னா வேண்டாம், வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கேமரா இல்லை, இஸ்திரி போட்ட சட்டை இல்லை. தோளில் ஒரு பை. ரமேஷ்பாபு பரபரத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பூங்கோதை அவனை உட்காரவிடாமல் நேரே முற்றத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே அவளும் சுபல் மிஸ்திரியும் பழைய கூரையின் சாமான்களைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள்.

"இதுல துருப்பிடிச்சு இத்துப்போனது குழாய்ப் பக்கம் இருந்த ரெண்டு உத்தரம் மட்டும்தான். மத்ததெல்லாம் கெட்டி. காஸ் வெச்சு அறுத்திருக்கீங்க. இடிக்கறதுக்கு முன்னாடி இது உங்களுக்குத் தெரியுமா?"

ரோஹித் குனிந்து ஒரு இரும்புத் துண்டைப் புரட்டிப் பார்த்தான். பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"தெரியும். மூலையை மட்டும் பிரித்து மாற்றியிருக்கலாம். முழுக் கூரையும் விழுந்தால்தான் காட்சி நன்றாக வரும் என்றார்கள். நானும் சரி என்றேன்."

ரமேஷ்பாபு டீ டம்ளரோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த முகத்தைப் பார்த்து அழுதிருப்பான்! டம்ளரைப் படியில் வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டான்.

பூங்கோதைக்கு உள்ளே கொதித்தது. சுபல் மிஸ்திரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். ஆனால் வானம் மூட்டமாக இருந்தது. கத்தினால் ரோஹித் போய்விடுவான். போய்விட்டால் அவமானம் அவனுக்கு. கூரை இல்லாமல் நிற்பது இவளுக்கு.

"சரி," என்றாள். "கூரை மூடுற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க இங்கே வரணும். உத்தரம் ஒவ்வொண்ணும் உங்க கண் முன்னால உட்காரணும். இடிச்சது உங்க கை. போடறதும் உங்க கையா இருக்கட்டும்."

"வருகிறேன்," என்றான் ரோஹித். மாடியைப் பார்த்தான். "அவரிடம் நான் பேசட்டுமா?"

"இன்னிக்கு வேணாம். முதல்ல வேலையைக் காட்டுங்க."

ரமேஷ்பாபு தன் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்தான். சுபல் மிஸ்திரியின் ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். சுவரின் தலைப்பைச் சரிசெய்து, உத்தரம் உட்காரும் இடங்களில் கல் பதித்தார்கள். உத்தரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய பாடாக இருந்தது.

லாரி பெரிய ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தள்ளுவண்டியில்தான் கொண்டுவர வேண்டும். சந்து ஒரு இடத்தில் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடக்கில் தெருப் பையன்களின் கிளப். உத்தரம் வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை கிளப் வாசலில் ரத்ததான முகாம். சனிக்கிழமையே மூங்கில் நட்டு, துணி கட்டி, ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள்.

"வேற நாள் பாத்துக்கலாமா?" என்றான் ரமேஷ்பாபு.

"லாரி நாளைக்குத்தான் கிடைக்கும். ரோஹித்தும் நாளைக்குத்தான் வருவார்," என்ற பூங்கோதை நேரே கிளப் செயலாளர் சாய்ராமிடம் போனாள். தெலுங்குக்காரர், மூன்று தலைமுறையாகக் கிடர்பூர்வாசி. தெருவே அவரைத் தாதா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடும். "முகாம் ஆரம்பிக்கறதுக்குள்ள உத்தரமெல்லாம் போயிடும் தாதா. அதுக்குள்ள போகலைன்னா நடுத்தெருவுல போட்டுட்டு நானே உங்க கட்டில்ல படுத்து ரத்தம் குடுக்கறேன்," என்றாள்.

சாய்ராம் சிரித்துவிட்டார். "எப்படியும் நீங்கள் ரத்தம் கொடுக்கத்தான் வேண்டும், பௌதி. உத்தரம் போனாலும் போகாவிட்டாலும்."

"நான் ஒண்ணு, என் வீட்டுக்காரர் ஒண்ணு. ஒத்துக்கிட்டேன்."

விடிந்ததும் வேலை தொடங்கியது. லாரியிடம் ஹம்சினி. தெருக்குழாய்ப் பக்கம் ரமேஷ்பாபு. மடக்கில் காதில் ஃபோனை மாட்டிக்கொண்டு பூங்கோதை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். வாளிகள் வரிசையில் நின்றன. "வாளியெல்லாம் இடப்பக்கம் தள்ளச் சொல்லுங்க. ஹம்சினி, அடுத்ததை நான் சொன்னப்புறம் விடு. பால் வண்டி வருதா? அதை முன்னாடி அனுப்பிடு." அவள் குரல் உயரவே இல்லை.

முதல் உத்தரம் மடக்கு வரைக்கும் வந்து சிக்கிக்கொண்டது. முன் தலை கிளப் சுவரை முட்டியது. பின் தலை எதிர்வீட்டு ஜன்னலை உரசியது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. பின்னால் ஒரு ரிக்ஷாக்காரர் மணியடித்தார். சுபல் மிஸ்திரி, "நிமிர்த்தித் தூக்கிப் பார்ப்போமா?" என்றார். ரோஹித் மேலே ஓடிய மின்சாரக் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "வேண்டவே வேண்டாம்," என்றான். வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்தினார்கள்.

பூங்கோதை உத்தரத்தைப் பார்க்கவில்லை. கிளப்பின் கதவைப் பார்த்தாள். சரியாக மடக்குக்கு நேரே இருந்தது.

"சாய்ராம் தாதா, கதவைத் திறங்க. கேரம் போர்டை ஓரமா எடுத்து வைங்க."

"கிளப்புக்குள்ளேயா?"

"உள்ளே நுழைக்கணும். மூக்கு உள்ளே போனா வால் இந்தப் பக்கம் திரும்பும். அப்புறம் பின்னாடி இழுத்துக்கலாம்." சின்ன ஸ்டேஷனில் வண்டியைப் பக்க லைனுக்குள் தள்ளி, திசை மாற்றி வெளியே இழுப்பார்கள். அவள் அதைத் தினமும் ஃபோனிலேயே செய்கிறவள். கண்ணால் பார்த்துச் செய்வது இதுதான் முதல் தடவை.

ரோஹித் கையால் அளந்து பார்த்துவிட்டு, "சரியாக வரும். எல்லாரும் தோள் கொடுங்கள்," என்று தானே குனிந்தான். அவனுக்குப் பின்னால் கிளப் பையன்கள் குனிந்தார்கள். உத்தரம் வண்டியிலிருந்து எழும்பி, கிளப்பின் இருட்டுக்குள் மெல்ல நுழைந்தது. உள்ளே யாரோ, "கோப்பை அலமாரி, கோப்பை அலமாரி!" என்று அலறினார்கள். வால் ஜன்னலை விட்டு விலகி, சந்தின் அடுத்த பக்கத்துக்குத் திரும்பியது. "இப்ப இழுங்க," என்றாள் பூங்கோதை. உத்தரம் வெளியே வந்து, வீட்டைப் பார்த்து நின்றது.

தெருவே கைதட்டியது. குழாயடிப் பெண்கள் வாளியைத் தட்டினார்கள்.

மற்றவை எல்லாம் அதே வழியில் சுலபமாக நுழைந்து, சுலபமாக வெளியேறின. முகாமுக்கு டாக்டர் வந்து இறங்கியபோது மடக்கு காலியாக இருந்தது. பூங்கோதையும் ரமேஷ்பாபுவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்தார்கள். மூன்றாவது கட்டிலில் ரோஹித் படுத்திருந்தான். தோளில் இரும்பு பட்டுச் சட்டை கிழிந்திருந்தது. ரமேஷ்பாபு அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "தோளில் மருந்து போட்டீர்களா?" என்று வங்காளத்தில் கேட்டான். அதுதான் அவன் ரோஹித்திடம் திரும்பப் பேசிய முதல் பேச்சு.

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. முற்றத்தில் அடுக்கி வைத்த பழைய மரக்கட்டைகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. காயவைத்து, எண்ணெய் பூசி, மறுபடியும் மேலே ஏற்றினார்கள். அவற்றின் மேல் ஓடு. ஓட்டின் மேல் ஜல்லியும் சுண்ணாம்பும். ரோஹித் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. நடுவில் சில சாயங்காலங்களிலும் வந்தான். தண்ணீர் வடிகிற சரிவு போதவில்லை என்று ஒருநாள் பாதித் தளத்தைப் பெயர்க்கச் சொன்னான். சுபல் மிஸ்திரி முறைத்தார். "இந்தத் தடவை நான் சொல்வது உண்மை," என்றான். அளந்து பார்த்தார்கள். உண்மைதான். பெயர்த்துப் போட்டார்கள்.

ஆனி பிறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் விடாமல் கொட்டிய மழை. கிடர்பூர் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஹம்சினி மேற்கு அறையில் மேஜை போட்டுப் படிக்க உட்கார்ந்தாள். பூங்கோதை சுவரெல்லாம் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தீபக்கைக் கூப்பிட்டு, "வீடு எங்களுக்கே போதும்," என்று சொல்லிவிட்டாள். அவனும், "மாடியில் ஒருநாள் டீ கொடுங்கள்," என்றான்.

ஆவணியில் ஸ்னேகா வந்தாள். புது முதலாளிகள் தொடரை மறுபடி தொடங்குகிறார்கள். அவளையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வீட்டை மாடிவரை சுற்றிப் பார்த்தாள். பிறகு சோபா நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"உங்கள் வீட்டோடுதான் தொடங்க ஆசைப்படுகிறார்கள், தீதி. ஒரே ஒரு நாள் ஷூட்டிங். உங்கள் கண்ணைத் துணியால் கட்டி வாசலில் நிறுத்துவோம். கட்டை அவிழ்த்ததும் வீட்டை முதல்முறை பார்க்கிற மாதிரி..."

"யாரு போட்ட கூரைன்னு சொல்லுவீங்க?"

"நிகழ்ச்சி போட்டதாகத்தான்," என்றாள் ஸ்னேகா.

"இன்னொண்ணு கேக்கறேன். எங்களை மாதிரிப் பாதியில விட்ட வீடு வேற எத்தனை?"

"இரண்டு. டாக்குரியாவில் ஒன்று, பராநகரில் ஒன்று."

"அவங்க கூரை?"

"இன்னும் திறந்துதான் கிடக்கிறது," என்றாள் ஸ்னேகா. பூங்கோதை டாக்குரியா வீட்டின் நம்பரை வாங்கி அங்கேயே கூப்பிட்டாள். எடுத்தவர் தமிழர். சிவராமகிருஷ்ணன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்த குடும்பம்.

"எங்களுக்கும் அதே கதிதாம்மா," என்றார் அவர். "மாடி ரூமைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனவாதான். நானும் காமுவும் கூடத்துல படுத்துண்டிருக்கோம். நீங்க எப்படிச் சமாளிச்சேள்?"

"சொல்றேன் சார். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க உத்தரம் எங்கே கிடக்கு?"

"உத்தரமா? அது யாருக்குத் தெரியும்!"

"நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு ஸ்னேகாவிடம் திரும்பினாள். "இப்போ உன் முதலாளிகள்கிட்ட முடிஞ்ச வீடுன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இது இல்லாம தொடரை ஆரம்பிக்க முடியாது. அதனால நான் சொல்றதைக் கேப்பாங்க. அந்த ரெண்டு வீட்டுக் கூரையும் மூடணும். டாக்குரியாவுல வேலை ஆரம்பிச்ச அன்னிக்கு எங்க வீட்டுக்குக் கேமரா வரலாம். கண்ணைக் கட்டிக்க மாட்டோம். நடந்ததை நடந்த மாதிரி சொல்லுவோம். சுபல் மிஸ்திரியும் கிளப் பையன்களும் வாசல்ல நிப்பாங்க."

"அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால்?"

"அப்ப கேமரா வேணாம். வீடு இருக்குமே."

ஸ்னேகா ரமேஷ்பாபுவைப் பார்த்தாள். ஆரம்பத்திலிருந்தே டிவியில் வர ஆசைப்பட்டவன் அவன்தான் என்று அவளுக்குத் தெரியும். ரமேஷ்பாபு, "அவள் சொன்னதுதான் என் பதிலும்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் நல்லபடியாகப் பேசிச் சம்மதிக்க வை, அம்மா," என்று சேர்த்துக்கொண்டான்.

சம்மதம் சுலபத்தில் வரவில்லை. இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில் ரோஹித், டாக்குரியா வேலை தொடங்காமல் தான் கேமரா முன் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அதற்குப் பிறகுதான் கையெழுத்தானது. பராநகர் வீட்டைத் துர்கா பூஜைக்குப் பிறகு எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஷூட்டிங் அன்று ரோஹித் மேற்கு அறையில் நின்று, "இந்தக் கூரையை நான் இடித்தேன். முழுவதும் இடித்திருக்கத் தேவையில்லை. பாதியில் விட்டுப் போனோம். இந்தக் குடும்பம் முடித்தது," என்றான். மறுபடி எடுக்கலாமா என்று டைரக்டர் கேட்டார். "ஒரு தடவை போதும்," என்றான் ரோஹித். ஒளிபரப்பில் அதில் பாதியை வெட்டிவிட்டார்கள். பாதியாவது வந்தது. கிளப்புக்குள் உத்தரம் நுழைந்த கதையைச் சாய்ராம் நடித்துக் காட்டியது முழுவதும் வந்தது.

டாக்குரியாவில் உத்தரம் ஏற்றிய அன்று பூங்கோதைக்கு வார விடுமுறை. சுபல் மிஸ்திரியின் ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். காமு மாமி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அந்தச் சந்து அகலமானது. லாரி வாசல் வரை வந்துவிட்டது.

"இவ்வளவு சுலபமா முடிஞ்சுடுமா?" என்று சிவராமகிருஷ்ணன் கேட்டார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"முடியும் சார்," என்றாள் பூங்கோதை. "மாமி, அந்த மாமரத்துக் கிளை உத்தரத்துக்குக் குறுக்க வருது. வெட்ட வேணாம், கயிறு போட்டு ஓரமா இழுத்துக் கட்டிடலாம். இன்னொரு கயிறு இருக்கா?"

மாமி கயிறு எடுக்க உள்ளே போனாள்.